வரகுக் கொல்லையில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டிலும் மங்களூர், திட்டக்குடிப் பக்கத்துக் கரிசலிலும், வரகைத் "தானா வர்ற பயிர்" என்று சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மழை இருபது நாள் தவறினாலும் வரகு வாடி நின்று, அடுத்த மழைக்கு மீண்டும் தழைத்துவிடும்; ஆனால் முதல் முப்பது நாளில் களையோடு போட்டி போடவும், கடைசிப் பதினைந்து நாளில் ஈரத்தில் நிற்கவும் அதற்குத் தெம்பு கிடையாது. "வரகு ஏமாத்திடுச்சு" என்று வருத்தப்படுபவர்களின் கொல்லையைப் போய்ப் பார்த்தால், பிழை பெரும்பாலும் இந்த இரண்டு காலங்களில் ஒன்றிலோ, அதற்கும் முன்பு விதையிலோதான் நடந்திருக்கிறது.

அறிகுறி கண்ணில் படும் நாளும் பிழை நடந்த நாளும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும், செடியில் எதைத் தொட்டுப் பார்ப்பது, எத்தனை நாள் பின்னே போய்த் தேடுவது, இந்தப் போகத்திலேயே திருத்த முடியுமா என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். பேச்சு வரகைப் பற்றியதுதான் என்றாலும், சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை வேறுபடும் இடங்களைக் குறித்திருக்கிறேன். நாள் கணக்கு போட உதவியாக ஒரு குறிப்பு: இரகத்தைப் பொறுத்து வரகு 100 முதல் 120 நாள், குதிரைவாலி 90 முதல் 95 நாள், சாமையும் தினையும் 75 முதல் 90 நாள், பனிவரகு 65 முதல் 70 நாள் வயதுடையவை.

விதைத்து எட்டு நாளாகியும் முளைப்பு திட்டுத் திட்டாக இருக்கிறது

மழை மேல் பழி போடுவதற்கு முன், முளைக்காத இடத்தில் விரலால் மண்ணைக் கிளறி, விதை என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணுக்குள் கிடக்கும் விதையே காரணத்தைச் சொல்லிவிடும்.

முளை வந்து, வெளுத்து, மண்ணுக்குள்ளேயே வளைந்து கிடந்தால், மேல்மண் இறுகிவிட்டது என்று பொருள். இது செம்மண்ணுக்கே உரிய கோளாறு. விதைத்த மறுநாள் ஒரு சுள்ளென்ற மழையும் அதன்பின் இரண்டு நாள் வெயிலும் வந்தால், மேலே அப்பளம் போல ஓர் ஏடு படிந்துவிடுகிறது. கடுகளவு விதையின் முளைக்கு அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும் வலு இல்லை. வேலமுள் கிளை ஒன்றைக் கட்டி, ஏட்டின் மேல் ஒரு முறை லேசாக இழுத்துவிட்டால் போதும்; மேல் ஏடு உடைந்து, இரண்டே நாளில் பச்சை தெரியும். இந்த வேலையை முளை வளைந்த நான்கைந்து நாளுக்குள் செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு முளை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும்.

விதை முளைத்திருக்கிறது, ஆனால் கிளறிய விரல் இரண்டு கணு ஆழம் போன பிறகுதான் அது தட்டுப்படுகிறது என்றால், ஆழமாக விதைத்தாகிவிட்டது. சிறுதானியத்துக்கு 2 முதல் 3 செ.மீ. ஆழமே அளவு. நிலக்கடலை விதைத்துப் பழகிய கையும், கடலைக்கு அமைத்த விதைப்புக் கருவியும் இந்தத் தவறைச் செய்யும். இதற்குத் திருத்தம் இல்லை. ஈரம் இருந்தால் வெற்றிடத்தில் மட்டும் மறு விதைப்பு செய்யலாம்.

விதை முளைக்காமல், நசுக்கினால் மாவாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால், குற்றம் விதையில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் நல்ல விதை என்று வாங்கி வந்த சாமையை, சோதிக்காமல் ஒரு காணி முழுக்கத் தெளித்துவிட்டேன். பாதிக்கு மேல் முளைக்கவில்லை, அந்த ஆண்டு கொல்லையை எள்ளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஈரச் சாக்கில் 100 விதையை எண்ணி வைக்காமல் நான் விதைக்குக் கை வைப்பதில்லை. சாக்கைச் சுருட்டி நிழலில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, ஏழாம் நாள் பிரித்து எண்ணினால், 75-க்குக் குறையாமல் முளைத்திருக்க வேண்டும். 60 முளைத்தால் விதையளவைக் கூட்டிச் சமாளிக்கலாம். அதற்கும் கீழே என்றால் அந்த விதை கோழிக்குத்தான்.

விதையே அகப்படவில்லை என்றால் எறும்பு இழுத்துப் போயிருக்கும். புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் கொல்லைகளில் இது வாடிக்கை. வரப்போரத்தில் எறும்புப் புற்றின் வாயைப் பார்த்தால் உங்கள் விதையின் உமி அங்கே குவிந்து கிடக்கும்.

விதையளவு: வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ, தெளிப்புக்கு 5 கிலோ. "மழை நிச்சயமில்லை" என்று எட்டு கிலோ தெளிப்பவர்கள், பின்னால் பயிர் நெருக்கத்தால் கதிர் சிறுத்துவிட்டது என்று புலம்புவதையும் பார்த்திருக்கிறேன். நெருக்கமாக முளைத்துவிட்டால் 18 முதல் 20 நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி விட்டுக் கலைத்துவிட வேண்டும்.

வரகு எது, புல் எது என்று தெரியவில்லை

இதுதான் எல்லாக் கோளாறுகளிலும் அதிக இழப்பைத் தருவது; ஆனால் அறிகுறியாக யாரும் சொல்வதில்லை. "பயிர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லப்படும் கொல்லையில் பாதி புல்லாக இருக்கும். எங்கள் ஊரில் ஒரு பெரியப்பா, முப்பத்தைந்தாம் நாள் என்னை அழைத்துப் போய், "பாருடா தம்பி, எவ்வளவு தெம்பா வந்திருக்கு" என்று காட்டிய கொல்லையில், தெம்பாக நின்றதெல்லாம் குதிரைவாலி இனத்துக் களைப்புல். வரகு அதற்கு அடியில் ஒல்லியாக நின்றது.

இளம் பருவத்தில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். ஒரு செடியைப் பிடித்து, இலையைத் தண்டிலிருந்து மெல்லக் கீழ்நோக்கி விலக்கி, இலைப் பரப்பும் தண்டைச் சுற்றிய உறையும் சேரும் மடிப்பைப் பாருங்கள். வரகில் அந்த மடிப்பில் வெங்காயத் தோலைப் போன்ற மெல்லிய, குட்டையான ஏடு ஒன்று நிற்கும். குதிரைவாலி இனத்துக் களைப்புல்லில் அந்த இடம் வழுவழுவென்று ஒன்றுமில்லாமல் இருக்கும். பயிரிடும் குதிரைவாலிக்கும் அந்த ஏடு கிடையாது. ஆகவே குதிரைவாலிக் கொல்லையில் இந்தச் சோதனை உதவாது, அங்கே வரிசை விதைப்பு ஒன்றே வழி. தினையில் ஏட்டுக்குப் பதிலாக மயிர் வரிசை இருக்கும். களையெடுக்க வரும் பெண்களுக்கு முதல் நாள் காலையில் ஐந்து நிமிடம் இதைக் காட்டிவிட்டால், பிறகு அவர்கள் கை தானாகவே பிரித்துவிடும். பலருக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, கொல்லைக்காரருக்குத்தான் தெரிவதில்லை.

முதல் களை 15 முதல் 20 நாளிலும் இரண்டாவது களை 35 முதல் 40 நாளிலும் எடுக்க வேண்டும். முதல் களையைத் தவறவிட்டு இரண்டாவதை இருமடங்கு கூலி கொடுத்து எடுத்தாலும் விளைச்சல் திரும்பி வராது, ஏனென்றால் வரகு தூர் கட்டுவது அந்த முதல் மாதத்தில்தான். கூலி கொடுக்க வழியில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது, பரப்பைக் குறையுங்கள் என்பதே: களையெடுத்த ஓர் ஏக்கர், களையெடுக்காத மூன்று ஏக்கரைவிட அதிக மூட்டை தந்ததைக் கண்டிருக்கிறேன். வரகை 45 செ.மீ. இடைவெளியில் வரிசையாக விதைத்து, சில வரிசைக்கு ஒரு முறை துவரையையோ ஆமணக்கையோ ஊன்றினால், கைக்களைக் கருவியை வரிசையின் நடுவே உருட்டிக்கொண்டு போகலாம். சாமைக்கும் தினைக்கும் 25 செ.மீ. போதும்.

வேருக்குப் பக்கத்தில், ஊதாவோ வெள்ளையோ பூத்த சிறு செடி ஒன்று வரகோடு ஒட்டி முளைத்து, சுற்றிலும் உள்ள வரகு ஈரமிருந்தும் வாடினால், அது சுடுமல்லி. வரகின் வேரிலேயே தன் வேரைச் செருகி உறிஞ்சும் ஒட்டுண்ணி அது. பூத்து விதை தூவும் முன் பிடுங்கி எரிக்க வேண்டும். அதன் விதை மண்ணில் பல்லாண்டு கிடக்கும். அடுத்த ஆண்டு அந்தக் கொல்லையில் நிலக்கடலையோ பயறோ போடுங்கள், புல்லினப் பயிர் வேண்டாம்.

நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கிறது

வெளி இலைகள் பச்சையாகவும் நடுக்குருத்து பழுப்பாகவும் நிற்கும் செடியைக் கண்டால், அந்தக் குருத்தை இரண்டு விரலால் பிடித்து மேலே இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்து, அடிப்பகுதி அழுகி, மூக்கருகே வைத்தால் நாற்றமடித்தால், அது குருத்து ஈ. அழுகிய இடத்தைப் பிளந்தால் வெளிர் மஞ்சள் நிறத்தில், கால் இல்லாத சிறு புழு இருக்கும். உருவிய குருத்தில் நாற்றமில்லாமல், தண்டில் துளையும் எச்சத் தூளும் இருந்தால் அது தண்டுத் துளைப்பான். இழுத்தால் குருத்துக்குப் பதிலாகச் செடி முழுவதும் கையோடு வந்தால், வேரைப் பாருங்கள்: மண் பூசினாற்போல இருந்தால் கரையான், வேரே இல்லாமல் மொட்டையாக இருந்தால் வேர்ப்புழு. வேர்ப்புழு, நிலக்கடலை தொடர்ந்து போட்ட செம்மண்ணில் அதிகம்.

குருத்து ஈ என்று தெரிந்தபின் மருந்தடிப்பதால் காய்ந்த குருத்து பிழைக்காது. செடி பக்கத் தூர் விட்டுச் சமாளிக்கும். தூருக்கு வலு சேர்க்க, ஈரம் இருக்கும்போது மேலுரத்தைத் தள்ளிப்போடாமல் இடுவது ஒன்றே செய்யத் தக்கது. உண்மையான திருத்தம் விதைக்கும் நாளில் இருக்கிறது. ஊரே ஆடியில் விதைத்து முடித்தபின் தனியாகப் புரட்டாசியில் விதைத்த கொல்லைக்கு, சுற்றுவட்டார ஈ முழுவதும் வந்து சேரும். தவிர்க்க முடியாமல் பிந்தி விதைப்பவர்கள் விதையளவைச் சற்றுக் கூட்டி, தாக்கிய நாற்றைக் கலைப்பின்போது பிடுங்கி எரித்துவிடலாம். சோளத்துக்குச் சொல்லப்படும், கருவாட்டு நாற்றத்தால் ஈயை இழுத்துப் பிடிக்கும் கருவாட்டுப் பொறியையும் இங்கே வைக்கலாம்: ஏக்கருக்கு ஐந்து, பயிருக்கு முப்பது நாளாகும் வரை. நாய் தூக்கிக்கொண்டு போகாத உயரத்தில் கட்டுங்கள்.

பயிர் மஞ்சளாகிறது

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி. அடி இலை நுனியிலிருந்து வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடை மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு கலந்த கரிசலில் இதைப் பார்க்கலாம். கொல்லையின் பள்ளமான இடத்தில் மட்டும் எல்லா இலையும் மஞ்சளாக இருந்தால், சத்து எதுவும் குறையவில்லை, தண்ணீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் இருக்கிறது. இந்த மூன்றாவதற்கு யூரியா போடுவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் வழக்கமான வீண் செலவு. ஒரு மண்வெட்டி எடுத்து வடிகால் கீறிவிடுவதே மருந்து. ஆண்டுதோறும் நீர் தேங்கும் பள்ளம் என்றால், அந்தத் துண்டில் மட்டும் குதிரைவாலியை விதைத்துவிடுவது நல்லது; சிறுதானியங்களில் ஈரத்தைத் தாங்குவது அதுதான்.

தழைச்சத்தைப் பொறுத்தவரை, மானாவாரிச் சிறுதானியத்துக்கு எக்டருக்கு 44 கிலோ தழைச்சத்தும் 22 கிலோ மணிச்சத்தும் பரிந்துரை. ஏக்கர் கணக்கில் அது ஏறத்தாழ 39 கிலோ யூரியாவும் 55 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் ஆகும். சூப்பரை முழுவதும் அடியுரமாகவும், யூரியாவைப் பாதி அடியிலும் மீதியை முதல் களை எடுத்தபின் மழை ஈரத்திலும் இட வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட முடிந்தவர்கள் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம். சாமையும் தினையும் யூரியா மிகுந்தால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் படுத்துவிடும். தினைக்குக் குலைநோயும் அதைத் தொடர்ந்து வரும். இரும்புக் குறைவுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, ஓர் எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் தெளித்துப் பத்து நாள் கழித்து மீண்டும் ஒரு முறை தெளியுங்கள்.

இலையில் புள்ளி

கண் வடிவத்தில், நடுவே சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக இருந்தால் குலைநோய். தேய்த்தால் விரலில் செங்கல் தூள் ஒட்டினால் துருநோய். துருவுக்கு வரகில் நான் மருந்தடித்ததில்லை, அடித்தவர்களுக்கும் செலவுக்குத் தக்க பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை. தினைக் குலைநோய் கதிர்க்கழுத்துக்கு ஏறினால் மட்டும் தாமதிக்காமல் வேளாண்மை விரிவாக்க மையத்தில் இலையைக் காட்டி மருந்து கேளுங்கள்.

கதிர் வெளிவரவில்லை, அல்லது கதிருக்குப் பதில் கறுப்புத் தூள்

தொண்டை உருண்ட, அதாவது உறைக்குள் கதிர் திரண்ட வரகு, கதிரை முழுவதும் தள்ளாமல், கண்ணாடி இலையின் (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) உறைக்குள்ளேயே பாதி சிக்கி நிற்கிறது. உறையைப் பிரித்தால் கதிர் இருக்க வேண்டிய இடத்தில் பாலேட்டு நிறத்தில் ஒரு நீண்ட பொதி இருக்கிறது. அதைக் கிழித்தால் அடுப்புக்கரியைப் போலத் தூள் கொட்டுகிறது. இது கதிர்க் கரிப்பூட்டை நோய். கண்டவுடன் பயப்படத் தேவையில்லை, ஆனால் செய்ய வேண்டிய வேலை உடனே செய்ய வேண்டியது: பொதி வெடிப்பதற்கு முன், காலைப் பனி ஈரம் இருக்கும்போதே, ஈரத் துணிப்பையில் மெல்ல அறுத்துப் போட்டு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். வெயில் ஏறியபின் தொட்டால் தூள் பறந்து நல்ல கதிர்களின் மணிமேல் படியும். அந்த மணியை விதையாக வைத்தால் நோய் அடுத்த ஆண்டுக்குக் குடியேறிவிடும்.

தேட வேண்டிய நாள் இங்கே விதைப்புக்கும் முன்னே இருக்கிறது, விதைநேர்த்தி செய்யாத நாள். ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்து ஒரு நாள் வைத்து, பிறகு அசோஸ்பைரில்லம் என்னும் நுண்ணுயிர் உரம் கலந்து விதைத்தால் இந்தப் பேச்சே எழாது. இரசாயனம் வேண்டாம் என்பவர்கள் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலக்கலாம். நான்கு கிலோ விதைக்கு இந்தச் செலவு ஒரு தேநீர்க் கணக்குதான். இருந்தும் மிகுதியாகத் தவிர்க்கப்படும் வேலை இதுவே. நோய் கண்ட கொல்லையிலிருந்து விதை எடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

கதிர் வந்தும் மணி பிடிக்கவில்லை

"பூக்கும்போது மழை அடிச்சு மகரந்தம் போயிடுச்சு" என்பது நம் பக்கத்து ஆயத்த விடை. தினைக்கு இது பொருந்தும். வரகில் பூ பெரும்பாலும் திறக்காமலேயே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால், மழை கழுவிக்கொண்டு போக அங்கே ஒன்றும் இல்லை. வரகு பதரானால், தொண்டைக்கதிர்ப் பருவத்திலிருந்து பால் பிடிக்கும் வரை இருந்த வறட்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பண்ணைக்குட்டையோ கிணறோ உள்ளவர்கள் அந்தப் பருவத்தில் ஒரே ஒரு தண்ணீர் கட்டினால் வித்தியாசம் மூட்டைக் கணக்கில் தெரியும். கதிரை வெள்ளைத் துணிமேல் தட்டிப் பார்த்து, நாவாய்ப்பூச்சி விழுந்தால் மணியின் பாலை அது உறிஞ்சியிருக்கிறது. ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கலாம்.

மணி பிடித்துக் காணாமல் போனால் சொல்லவே வேண்டாம், குருவியும் மயிலும். வரகின் உமி கெட்டி என்பதால் அதைக் கடைசியாகத்தான் தொடும். சாமையும் தினையும் முதல் பந்தி. ஊரில் ஒருவர் மட்டும் கால் ஏக்கர் தினை போட்டால் அத்தனைப் பறவைக்கும் அது விருந்து. நாலைந்து பேர் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடுத்தடுத்த கொல்லையில் விதைத்தால் இழப்பு பகிர்ந்து போகும்.

அறுப்பு நேரத்தில் மழை. அல்லது, சாப்பிட்டவருக்குக் கிறுகிறுப்பு

இந்த இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. "கிறுக்கு வரகு" என்று முன்னோர் சொன்னது, தனி வகை வரகை அல்ல. முற்றும் நேரத்திலும் அறுத்தபின்னும் ஈரத்தில் கிடந்த வரகில் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் இனப் பூஞ்சைகள் பிடித்து, சைக்ளோபியசோனிக் அமிலம் என்னும் நச்சை உண்டாக்குகின்றன. அதை உண்டவருக்கு மயக்கம், வாந்தி, நடுக்கம், கால் தள்ளாட்டம் வரும், மாட்டுக்கும் வரும். 2024 அக்டோபர் இறுதியில், மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகப் பகுதியில் வரகுக் கொல்லையில் மேய்ந்த கூட்டத்தில் 10 யானைகள் இறந்தபோது, அவற்றின் உடற்கூற்று மாதிரிகளில் கண்டறியப்பட்டதும் இந்த அமிலமே.

இதை எழுதுவது வரகின்மேல் அச்சம் வர அல்ல. ஈரத்தில் கிடக்காமல் காய்ந்த வரகில் இந்தப் பிரச்சினை கிடையாது. நம் மாவட்டத்தில் மட்டும் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் நமக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்போது கதிர் முற்றி நின்ற கொல்லைகளின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே விதைக்கும் நாளை முன்னோக்கி அல்லாமல் பின்னோக்கி எண்ணுங்கள். அறுப்பு கார்த்திகை முடிந்து, மார்கழியில் வெயில் தெளிந்தபின் விழ வேண்டும். 110 நாள் வரகை ஆவணி பாதியில் விதைத்தால் மார்கழி முதல் வாரத்தில் அறுக்கலாம். புரட்டாசி முதல் நாள் விதைத்தால் மார்கழி மூன்றாம் வாரம். ஆடி முதல் வாரத்தில் விதைத்தால், ஐப்பசி கடைசியில், அடைமழையில் அரிவாளோடு நிற்க வேண்டும். 80 நாள் சாமைக்குப் புரட்டாசி இரண்டாம் வாரமே பொருத்தம். பிந்தினால் குருத்து ஈ வரும் என்று மேலே எழுதியது நினைவுக்கு வரலாம். அந்த முரண் உண்மைதான். இரண்டில் ஒன்றைத் தாங்க வேண்டுமென்றால், நான் குருத்து ஈயைத் தாங்குவேன். ஈ தின்றால் இரண்டு மூட்டை குறையும், பூஞ்சை பிடித்தால் மிச்ச மூட்டையும் உணவுக்கு ஆகாது.

எப்படி எண்ணினாலும் மழை மாட்டிவிட்டால்: ஈரக் கதிரை அறுத்துப் போர் போடாதீர்கள், போரின் நடுவே கை விட்டால் சூடு தெரியும், அந்தச் சூடுதான் பூஞ்சையின் வீடு. சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமான கூரையடியில், கதிர் மேலே இருக்கும்படி சாய்த்து நிறுத்துங்கள். வெயில் வந்ததும் தார்ப்பாயில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். கறுத்தும் சாம்பல் பூத்தும் உள்ள கதிர்களை அடிப்பதற்கு முன்பே பிரித்து எரித்துவிடுங்கள். அடித்துக் கலந்தபின் பிரிக்க இயலாது. பூசணம் பிடித்த தாளை மாட்டுக்குப் போடாதீர்கள். நன்றாகக் கழுவினால் போய்விடும், மோரில் ஊறவைத்தால் போய்விடும் என்பவற்றை நம்பி அந்தத் தானியத்தை உலையில் போட வேண்டாம். யாருக்காவது உண்டபின் கிறுகிறுப்பு வந்தால், வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். சமைத்த அரிசியில் ஒரு பிடி எடுத்துச் செல்லுங்கள், மருத்துவருக்குக் காரணம் உடனே விளங்கும்.

அரைத்தால் நொய்யாகிறது, அல்லது உமி போகவில்லை

வரகு மணியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உமிதான், அதுவும் அடுக்கடுக்காக ஒட்டியது. முதல் ஓட்டத்திலேயே முழுவதும் நீக்க நினைத்து இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் அரிசி உடையும். குறைத்தால் உமியோடு வரும். இரண்டு மூன்று ஓட்டமாக, ஒவ்வொரு முறையும் சலித்து, உமி போகாததை மட்டும் திருப்பிப் போடுவதே முறை. ஆனால் ஆலைக்காரரோடு சண்டை பிடிப்பதற்கு முன் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள்: கடக்கென்று உடைந்தால் காய்ச்சல் சரி, மழுங்கினால் ஈரம் இருக்கிறது. ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வர வேண்டும். பெரியதும் சிறியதுமாகக் கலந்த மணியும் நொய்க்குக் காரணம். அரைக்கும் முன் சல்லடையில் இரண்டு தரமாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டுங்கள்.

சோற்றில் கல் தட்டுப்பட்டால், குற்றம் தார்ச்சாலையில் கதிரைப் பரப்பி வண்டியேற விட்டதில் இருக்கிறது. வரகரிசியளவே உள்ள சல்லிக்கல்லைச் சல்லடை பிரிக்காது. எடை வித்தியாசத்தில் பிரிக்கும் கல் நீக்கும் இயந்திரம் வேண்டும். தார்ப்பாய் வாங்குவது மலிவு.

இரண்டு மாதத்தில் அரிசி காறல் வாடை அடிக்கிறது

தீட்டாத சிறுதானிய அரிசியில் தவிட்டின் எண்ணெய் இருக்கிறது. உமி போனபின் அது காற்றுபட்டுக் கெடும். கெடாதது உமியோடு இருக்கும் தானியம். கோபுரக் கலசத்தில் வரகை நிரப்பிப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கில் மாற்றும் வழக்கத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிரப்புவது வரகுதானே தவிர வரகரிசி அல்ல. விற்பனைக்கும் அப்படியே செய்யுங்கள்: ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலை படிந்திருக்கும் மாதத்தில் அவசரப்பட்டு முழுவதும் தள்ளாமல், உமியோடு காயவைத்து மூட்டையில் கட்டி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கிவிட்டு, வீட்டுக்கும் வாடிக்கைக்கும் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளலாம்.

விதைக்கான தானியத்தை அந்த மூட்டையிலிருந்து எடுக்கக் கூடாது. அறுப்புக்கு முன்பே, கொல்லையின் நடுப்பகுதியில், கரிப்பூட்டை இல்லாத, ஒரே நேரத்தில் முற்றிய செடிகளில் துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றின் கதிரைத் தனியே கையால் உதிர்த்துக் காயவைத்து, மண்பானையில் நொச்சி இலையோடு மூடி வையுங்கள். அடுத்த ஆடியில் அதிலிருந்து நூறு விதை எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைக்க வேண்டியிருக்கும்.